ஏஸ் ஜோடியும் டர்ன் ரெய்ஸும்: கணக்கு எங்கே வந்து நிற்கிறது

போக்கரில் (டெக்சஸ் ஹோல்டெம்) நல்ல கை மட்டுமே ஆடும் டைட் ஆட்டக்காரருக்கு எதிராக ஓவர்பேர் (மேசையில் விழுந்த எந்தச் சீட்டையும் விடப் பெரிய கை ஜோடி) ஆடுவதில் டர்ன் கட்டம், அதாவது நான்காவது பொதுச் சீட்டு, ஒருவழியாகப் பிடிபட்டுவிட்டது. ஐந்தாவதும் கடைசியுமான ரிவர் இன்னும் பாக்கி.

எடுத்துக்கொண்ட கை இது. ஸ்டாக் (கையிருப்பு) 100 பிக் பிளைண்ட் (கட்டாய முன்பந்தயம்; கீழே எல்லாத் தொகையும் இந்த அலகில்). முன் பொசிஷனில் ஏஸ்-ஏஸ், 3-க்கு ரெய்ஸ் (ஏற்றுதல்). பட்டனில் (ஃப்ளாப் முதல் கடைசியாக ஆடும் இடம்) இருக்கும் டைட் ஆள் மட்டும் கால் (ஈடு கட்டுதல்). பாட் (நடுவில் சேர்ந்த தொகை), மடித்தவர்களின் பிளைண்டுகளும் சேர்த்து, 7.5. முதல் மூன்று பொதுச் சீட்டுகளான ஃப்ளாப் ஜாக்-7-3, மூன்றும் வெவ்வேறு சின்னம். 5 பெட், கால். டர்னில் நான்காவது சின்னத்தில் 2. பாட் 17.5, நம் பெட் 11. அவர் 33-க்கு ஏற்றுகிறார்.

இங்கே முகத்தைப் பார்த்துப் பயனில்லை, காம்போ (அவர் கையில் இருக்கக்கூடிய இரு சீட்டுச் சேர்க்கை) எண்ண வேண்டும். ஜாக், 7, 3 செட்டுகள் (கையில் ஜோடி, மேசையில் மூன்றாவது) தலா 3, மொத்தம் 9. நாம் ஜெயிக்கிற கைகளில் முக்கியமானது ஏஸ்-ஜாக். இரண்டு ஏஸ் நம்மிடம் இருப்பதால் அது 12 அல்ல, 6 காம்போதான். பலரும் கோட்டை விடுவது இந்தப் பாதியைத்தான்.

கால் செய்ய இன்னும் 22 வேண்டும், பாட்டில் 61.5 கிடக்கிறது. 22-ஐ 83.5-ஆல் வகுத்தால் 26.3 சதவீதம் தேவை. செட்டுக்கு எதிராக நமக்கு மிச்சம் 44 சீட்டில் இரண்டு ஏஸ், அதாவது 4.5 சதவீதம். அந்த ஆறு ஏஸ்-ஜாக்கில் இரண்டை மட்டும் அவர் ரெய்ஸ் செய்வார் என்றால் நம் ஈக்விட்டி (சராசரி வெற்றி வாய்ப்பு) 21.1. மூன்று என்றால் 27.3. தராசு சாய்வது அந்த ஒற்றைக் காம்போவில். மூன்றே என்றாலும் ரிவரில் 59 பாக்கி இருக்கிறது. அங்கே விழும் அடுத்த பெட்டில் அந்த ஒரு சதவீதம் கரைந்துவிடும். டாப் பேரை (மேசையின் பெரிய சீட்டோடு சேர்ந்த ஜோடி, இங்கே ஏஸ்-ஜாக்) கால் மட்டுமே செய்து பழகியவர் டர்னில் ஏற்றினால், தயங்காமல் ஃபோல்ட் (கையை விட்டுவிடுவது).

காகிதமே போதும் என்றாலும் ஈக்விட்டி கணக்கிடும் மென்பொருளான ஈக்விலேப்பில் சரிபார்த்துக்கொள்ளலாம், இலவசம்தான். ஏஸ்-ஜாக்கை மொத்தமாகப் போட்டால் ஆறும் சேர்ந்து 40.9 என்று ஆசை காட்டும். சின்னம் பார்த்துத் தனித்தனியாகத் தேர்ந்தெடுங்கள்.

உண்மையான முன்னேற்றம் பெட் அளவில்தான். 11-க்குப் பதில் 6 போட்டால் 10-10, 9-9, 8-8 என்ற 18 காம்போக்களும் உள்ளேயே இருக்கின்றன. 11-க்கு இந்த ஆட்கள் அவற்றைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். ரெய்ஸ் வந்து ஃபோல்ட் செய்தாலும் 5 மிச்சம்.

6-க்கு கால் வந்தால் ரிவரில் பாட் 29.5. வெற்றுச் சீட்டு விழுந்தால் 9 அல்லது 10 பெட், அதற்கு மேல் ரெய்ஸ் வந்தால் ஃபோல்ட்; இதுவரை தெளிவு. நாம் பெட் போடாமல் செக் செய்து அவர் 20 போட்டால் 28.8 சதவீதம் தேவை. அப்போது அவர் வைத்திருக்கக்கூடிய கைகளை (ரேஞ்ச்) பிரிக்கும் வேலை நடக்கிறது. அதற்குள் கிங் ஜோடியையும் கையில் எடுத்தாயிற்று: ஃப்ளாப்பில் ஒரு ஏஸாவது விழும் வாய்ப்பு 22.6 சதவீதம், அங்கே 6 அளவு பெட் எடுபடுமா என்பது தனிக் கணக்கு.