பாலத்தில் உதறிய வண்டி

ஜனவரி 4
அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக விடியற்காலையிலேயே கிளம்பினோம். பாம்பன் பாலத்தில் ஏறியதும் வண்டி உதற ஆரம்பித்துவிட்டது. 1998 மாடல் மாருதி 800, பெட்ரோலைக் காற்றோடு கலந்து விடும் கார்புரேட்டர் வைத்த வண்டி. மூன்றே சிலிண்டர், அதில் ஒன்று அடிக்காவிட்டால் ஸ்டியரிங் பிடித்த கை நடுங்கும். அம்மா முன் சீட்டைப் பிடித்துக்கொண்டு முருகா முருகா என்றபடியே வந்தார். எஞ்சின் நன்றாகச் சூடேறி உச்சிப்புளி தாண்டியதும் உதறல் நின்றது. மதியம் திரும்பும்போது பாலத்தில் ஒரு குறையும் இல்லை.

ஜனவரி 5
காலையில் மறுபடி மிஸ்ஸிங், அதாவது ஏதோ ஒரு சிலிண்டர் எரியாமல் தவறுகிறது. உதறிக்கொண்டே பட்டறைக்குப் போனேன். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி, பெட்ரோலைப் பற்றவைக்கப் பொறி தரும் பிளக் மூன்றையும் புதிதாகப் போட்டு 1,800 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள்.

பழைய பிளக்குகளைக் கேட்டு வாங்கி வந்தேன். இரண்டின் முனை வெளிர் பழுப்பு. மீதி ஒன்று மட்டும் கரி பிடித்து, பெட்ரோல் வாடையோடு ஈரமாக இருந்தது. கார்புரேட்டர் மூன்று சிலிண்டருக்கும் பொது. அதில் கோளாறு என்றால் மூன்றும் அல்லவா கறுத்திருக்க வேண்டும்? ஒரு சிலிண்டருக்குத்தான் பொறி போகவில்லை. கழற்றின கையோடு அதைப் பார்த்திருந்தால் என் காசு மிஞ்சியிருக்கும்.

ஜனவரி 6
புதுப் பிளக்கோடும் அதே உதறல்.

எங்கள் ஊரில் எஞ்சின் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் முக்கால்வாசிப் பேர் விசைப்படகில் கை பழகியவர்கள். படகு டீசலில் ஓடுவது, டீசல் அழுத்தச் சூட்டிலேயே எரிந்துவிடும், பொறி தேவையில்லை. அதனால் மண்டபம் ஊரில் ஆட்டோ எலக்ட்ரீசியனாக இருந்த அண்ணனுக்குப் போன் போட்டேன். "பகல்ல பாத்தா ஒண்ணும் தெரியாது தம்பி. ராத்திரி கொண்டு வா" என்றார்.

ஜனவரி 7
இரவு எட்டரை. வடகடலிலிருந்து ஈரக்காற்று. தெருவிளக்கு எட்டாத இடத்தில் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, பேனட்டைத் தூக்கினோம். இரண்டாவது சிலிண்டருக்குப் போகும் பிளக் ஒயர், எஞ்சின் இரும்பை ஒட்டி வளையும் இடத்தில், நூல் இழை மாதிரி நீலமாக மின்னிக்கொண்டே இருந்தது. காது கொடுத்தால் டிக் டிக் என்ற சத்தம். தொடப் போன என் கையைத் தட்டிவிட்டார். பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேல் ஓடுகிற இடம்.

எஞ்சினை நிறுத்தி, ஒயரைக் கழற்றி மீட்டர் வைத்தார். உள்ளே கம்பி நன்றாகத்தான் இருந்தது, வெளி ரப்பரில்தான் வெடிப்பு. மீட்டரை மட்டும் நம்பியிருந்தால் நல்ல ஒயர் என்று விட்டிருப்போம். பொறிக்கான கரன்ட்டை ஒவ்வொரு சிலிண்டருக்கும் பிரித்து விடும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் உள்பக்கம் டார்ச் அடித்தபோது ஒரு முனையிலிருந்து அடுத்த முனைக்குத் தலைமுடி கனத்தில் கறுப்புக் கோடு. கரன்ட் குறுக்கே ஓடி ஓடிக் கரியாக்கிய தடம். சுரண்டினாலும் நிற்காது, மாற்றத்தான் வேண்டும்.

மழையே இல்லாமல் எப்படி என்று கேட்டேன். "உங்க வீட்டு உப்பு ஜாடி மார்கழியில கசியுதுல்ல, அதேதான்." மூடியிலும் ஒயரிலும் படிந்த உப்பு, காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கிறது. அந்த ஈர உப்பில் கரன்ட் சுலபமாக ஓடும். எஞ்சின் சூட்டில் காய்ந்ததும் வண்டி சரியாகிவிடும். பாலத்தில் இரண்டு பக்கமும் கடல், கேட்கவே வேண்டாம்.

ஜனவரி 9
ராமநாதபுரத்தில் மூடி, அதற்குள் சுழலும் ரோட்டர், ஒயர் செட் வாங்கி மாட்டியாயிற்று. ஒயர்களை ஒவ்வொன்றாகத்தான் மாற்ற வேண்டும். மொத்தமாகப் பிடுங்கினால் எது எந்தச் சிலிண்டருக்கு என்று குழம்பிவிடும். எர்த் ஒயர் முனையும் துரு ஏறிக் கிடந்தது, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து முறுக்கினோம்.

ஜனவரி 11
அம்மாவுக்கு மறு பரிசோதனை. பாலத்தில் வாடைக்காற்று முகத்தில் அறைந்தது, வண்டி அசையவில்லை. அம்மா தூங்கிவிட்டார்.

இரவு பேனட்டைத் திறந்து மூடியைத் துடைத்தேன். மாட்டி இரண்டு நாள்தான் ஆகிறது, துணியில் அதற்குள் பிசுபிசுப்பு.