திரும்பி வராத பச்சைத் தண்ணீர்

2024 மார்ச் 2, சனி

பெங்களூரு சில்க் போர்டு நெரிசலில் முக்கால் மணி நேரம் காரில் ஊர்ந்து, முருகேஷ்பாளையா வந்து சேர்ந்தபோது இருட்டிவிட்டது. வண்டியை நிறுத்தி இறங்கினால் ஏதோ தித்திப்பான வாசனை. குனிந்து பார்த்தேன். முன் சக்கரத்துக்கு அருகே பச்சைத் தண்ணீர் தேங்கியிருந்தது, எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட். பானெட்டைத் திறந்தால், ரேடியேட்டரில் மிஞ்சும் கூலன்ட் வந்து சேரும் ரிசர்வ் டப்பா விளிம்பு வரை நிறைந்து வழிந்துகொண்டிருக்கிறது. ஆனால் ஹீட் ஊசி வழியில் நடுக்கோட்டைத் தாண்டவே இல்லை.

தெரு நாய் ஒன்று நக்க வந்தது. விரட்டிவிட்டு மண்ணை அள்ளிப் போட்டேன். கூலன்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் நாக்குக்கு இனிக்கும், நாய்க்கு விஷம்.

மார்ச் 3, ஞாயிறு

எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்தேன். டப்பா நிறைந்து வழிகிறது, ரேடியேட்டரிலோ முக்கால் லிட்டர் குறைகிறது. அண்டை வீட்டுக்காரன் வாங்கிய கடன் மாதிரி, போனது போனதுதான். கைக்குக் கிடைத்த தண்ணீரை ஊற்றி நிரப்பினேன். இந்த மாதம் எங்கள் தெருவுக்கு வருவது டேங்கரில் வரும் போர்வெல் தண்ணீர். சோப்பே நுரைக்காது. அதை ஊற்றியிருக்கக் கூடாது.

மார்ச் 6, புதன்

வேலைக்குப் போகும் வழியில் ஒரு ஷெட்டில் காட்டினேன். மெக்கானிக் இரண்டு நிமிஷம் பார்த்தார். “ஹெட் கேஸ்கட் போயிடுச்சு சார். ஹெட்டை இறக்கி ஃபேஸிங் பண்ணணும். பதினெட்டாயிரம் ஆகும்.” ஹெட் கேஸ்கட் என்பது எஞ்சின் தலைக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு. அவர் ரேடியேட்டர் மூடியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. 2003-ல் அப்பா வாங்கிய வண்டி, இன்று விற்றால் என்ன கிடைக்கும் என்று மனைவி கேட்டாள். பதில் சொல்லவில்லை.

மார்ச் 9, சனி

கீழ்வீட்டு அங்கிள் எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பானெட் திறக்கும் சத்தம் கேட்டால் போதும், காபி டம்ளரோடு வந்துவிடுவார். விஷயத்தைச் சொன்னேன். “கேஸ்கட்னு எதை வெச்சுச் சொன்னான் தம்பி? பபுள் பார்த்தானா, ஆயில் பார்த்தானா?”

நாங்கள் பார்த்தோம். ஆறிய எஞ்சினில் மூடியைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் செய்தோம். கேஸ்கட் போயிருந்தால் எரிந்த வாயு தண்ணீருக்குள் புகுந்து குமிழ் விட்டுக்கொண்டே இருக்குமாம். ரேடியேட்டரின் மேல் ஹோஸும் சூடாவதற்கு முன்பே விறைத்துவிடும். முதலில் நாலைந்து குமிழ் வந்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஹீட்டரை முழுசாகத் திருப்பிக் கொஞ்ச நேரம் ஓடவிட்டதும் நின்றுவிட்டது. உள்ளே மாட்டியிருந்த காற்றுதான். ஆயிலில் தண்ணீர் கலந்தால் வரும் மோர் மாதிரிக் கலங்கல் ஆயில் மூடியின் அடியில் இல்லை, சைலன்சரில் வெள்ளைப் புகையும் இல்லை. மூடியைப் போட்டு, ஏசி இல்லாமல் காத்திருந்தோம். ஊசி நடுவுக்கு வந்ததும் ஃபேன் தானாக ஓடியது.

அப்புறம் அவர் ரேடியேட்டர் மூடியைக் கையில் வாங்கினார். ரப்பர் வளையம் அப்பளம் போல நொறுங்கியது. அதில் இரண்டு வால்வு உண்டு என்பதே எனக்கு இன்றுதான் தெரியும். சூட்டில் அழுத்தம் ஏறினால் பெரிய வால்வு திறந்து கூலன்டை டப்பாவுக்கு அனுப்பும். ஆறும்போது நடுவில் இருக்கும் சின்ன வால்வு திறக்க, அதே கூலன்ட் ரேடியேட்டருக்குத் திரும்பி வரும்.

“நம்ம ஊர் கடல் மட்டத்துக்கு 900 மீட்டர் மேல தம்பி. இங்க வெறும் தண்ணி 97 டிகிரியிலயே கொதிக்கும். உன் வண்டி ஃபேன் ஓட ஆரம்பிக்கறதே 95 வாக்குல. மூடி அழுத்தம் பிடிக்கலைன்னா அது தாங்குமா?” நல்ல மூடி இருந்தால் 115 வரைகூடக் கொதிக்காது என்றார். சென்னையில் அண்ணன் வீட்டில் இருந்தபோது இந்த வண்டி ஒருநாளும் வழிந்ததில்லை. அது ஏனென்று இப்போது புரிகிற மாதிரி இருந்தது. ஆனால் அப்போது மூடியும் புதுசுதானே!

மார்ச் 11, திங்கள்

மதியம் அரை நாள் லீவு போட்டு, உதிரி பாகக் கடைகள் இருக்கும் ஜே.சி. ரோடு. பழைய மூடியில், அது பிடிக்கும் அழுத்தத்தின் அளவு 0.9 என்று பொறித்திருந்தது. கடைக்காரர் 1.1 எடுத்துக் கொடுத்து, “இது ஹெவி சார், இன்னும் நல்லது” என்றார். வேண்டாம் என்றேன். இருபத்தோரு வருஷத்து ஹோஸும் ரேடியேட்டரும் எந்த அழுத்தத்துக்குப் பழகியதோ அதுவே போதும். சாயங்காலம் பழைய தண்ணீரை வடித்தேன். டீ டிகாக்ஷன் நிறம். பேட்டரி கடையில் வாங்கிய டிஸ்டில்டு வாட்டரால் இரண்டு முறை அலசி, பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்து ஊற்றினேன். டப்பாவில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு.

மார்ச் 14, வியாழன்

கோட்டுக்கு மேலே இரண்டு விரல். ரேடியேட்டரில் மறுபடி குறைவு. வழிவது நின்றிருக்கிறது, ஆனால் இப்படியே ஏறினால் அடுத்த வாரம் வழியும். பதினெட்டாயிரம் கண் முன்னால் வந்து நின்றது.

மார்ச் 17, ஞாயிறு

ராத்திரியெல்லாம் யோசித்தது ஒன்றுதான். போகிறது, திரும்பவில்லை. மூடி புதுசு. மேல் ஹோஸ் காலையில் சப்பையாக ஒடுங்கியிருந்தால் சின்ன வால்வு அடைத்திருக்கிறது என்று அர்த்தமாம், அதுவும் இல்லை. அப்படியானால் கூலன்டுக்குப் பதில் ரேடியேட்டர் காற்றை உறிஞ்சுகிறது. எங்கிருந்து?

டப்பாவின் மூடியைத் தூக்கினேன். அதன் அடியில் ஒரு ட்யூப் தொங்கி, டப்பாவின் அடிவரை போக வேண்டும். இருந்தது கட்டை விரல் நீளம். மீதி எப்போதோ இற்று விழுந்து, கீழே சுருண்டு கிடந்தது. சூட்டில் கூலன்ட் மேலேயிருந்து சொட்டி இறங்குகிறது. ஆறும்போது ட்யூப் நுனி தண்ணீரைத் தொடுவதே இல்லை, காற்றைத்தான் இழுக்கிறது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாக ரேடியேட்டர் காலி, டப்பா ஃபுல்.

நாற்பது ரூபாய்க்கு ஒரு துண்டு ரப்பர் ஹோஸ். நுனியைச் சாய்வாக வெட்டி மாட்டினேன், அடியில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க. அங்கிள் பார்த்துவிட்டு, “இதை நான் முதல்லயே பார்த்திருக்கணும்” என்றார். அவர் அப்படிச் சொன்னது எனக்குப் பெரிய விருது.

மார்ச் 24, ஞாயிறு

ஓசூர் போய் வந்தோம், ஏசியோடு. அத்திப்பள்ளி டோலில் இருபது நிமிஷம். வந்ததும் டப்பாவில் மட்டம் ஒரு விரல் மேலே. மூன்று மணி நேரம் கழித்துப் பார்த்தேன், கோட்டிலேயே நிற்கிறது.

வாசலில் பச்சைக் கறை மட்டும் போகவில்லை. கழுவலாம் என்றால், குடிநீரில் வண்டி கழுவினாலே 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்திருக்கிற நேரம். மழை வரட்டும் என்று ஹவுஸ் ஓனரிடம் சொல்லியிருக்கிறேன்.