12-இல் 9 எழுந்து நின்றாச்சு: ஜி.ஐ. ஜோ ஓ-ரிங் மாற்றிய குறிப்பு

ஒருவழியாக ஒன்பது பேர் நிற்கிறார்கள். மேசைக்கு வந்தவை பன்னிரண்டு, எல்லாம் 3¾ அங்குல ஜி.ஐ. ஜோ (அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ நிறுவனத்து ராணுவ வீரர் பொம்மை), எல்லாமே நெஞ்சு வேறு இடுப்பு வேறாகக் கிடந்தவை. ஒன்பது தேறின. இரண்டு உதிரிபாகத்துக்குக் காத்திருக்கின்றன. ஒன்று போயே போச்சு, அதைப் பிறகு சொல்கிறேன். ('ஃபிகர்' என்ற சொல்லை வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன். 'ஃபிகர் சேர்க்கிறேன்' என்று நம்மூரில் சொல்லிவிட்டு அதற்கு விளக்கம் கொடுத்து மாளாது. பொம்மை என்றே இருக்கட்டும்.)

பெரியவர்களுக்கு இந்தப் பொழுதுபோக்கு சலித்துப்போகிற வழி ஏறக்குறைய ஒன்றுதான். வாங்குவது மட்டுமே வேலையாகிவிடும். பிரித்தால் மதிப்பு போய்விடும் என்று பெட்டியைப் பிரிப்பதில்லை, பிரிக்காததைக் கையில் எடுப்பதில்லை, கையில் எடுக்காத பொருள் மேல் எத்தனை நாள் ஆசை நிற்கும்? இதில் 2020-இல் பொம்மை இறக்குமதி வரி 20 சதவீதத்திலிருந்து 60-க்கு ஏறியது, 2023-இல் 70 ஆனது. 2021 ஜனவரியிலிருந்து பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரை வேறு கட்டாயம். அதே 2020-இல்தான் ஹாஸ்ப்ரோ 6 அங்குல ஜி.ஐ. ஜோ கிளாசிஃபைட் வரிசையைத் தொடங்கி அலை அலையாக இறக்கியது. துரத்த முடியாதவர்கள் வெறுத்துப்போனார்கள். துரத்தியவர்களுக்கு வைக்க இடமில்லை.

மூன்று மாதம் எதுவும் வாங்குவதில்லை, உடைந்ததை மட்டும் எடுத்துச் சரிசெய்வது என்று வைத்துக்கொண்டால் நிலைமை மாறுகிறது. அதற்கு ஜி.ஐ. ஜோவைப் போல வாகான பொம்மை கிடையாது. முதுகில் ஒரே ஒரு ஸ்க்ரூ. அதைக் கழற்றினால் தலை, இரண்டு கை, இடுப்பு, கால் எல்லாம் தனித்தனியாக வந்துவிடும். ஒட்டு இல்லை, பற்றவைப்பு இல்லை. உள்ளே எல்லாவற்றையும் இழுத்துப் பிடித்திருப்பது ஒரு கறுப்பு ரப்பர் வளையம் (ஓ-ரிங்), அவ்வளவுதான். 1982-இல் வந்த முதல் தொகுதியிலிருந்தே இந்த அமைப்புதான். 1983-இல் முழங்கைக்கு மேலே கை சுழல ஆரம்பித்தது. 1985-இல் பந்து மூட்டு வைத்த தலை வந்தது. வளையம் மட்டும் மாறவில்லை.

அந்த வளையம்தான் எமன். இழுத்த நிலையிலேயே இருக்கும் ரப்பரைக் காற்றிலுள்ள ஓசோன் மெல்லத் தின்னும். இழுப்புக்குக் குறுக்கே நுண்ணிய வெடிப்புகள் விழுந்து ஒருநாள் பட்டென்று அறும். பிள்ளைகள் கை படாமல் பெட்டிக்குள்ளேயே இருந்தாலும் அறும். ஆகவே 'பிரிக்காத பழைய சரக்கு' என்று யாராவது விலையை ஏற்றினால், உள்ளே வளையம் உயிரோடு இருக்குமா என்று ஒரு நிமிடம் யோசியுங்கள்.

இனி மூன்று வாரம் கழுத்தை அறுத்த விஷயம்: அளவு.

ஆயில் சீல் கடையில் 'சின்ன ஓ-ரிங் கொடுங்க' என்றால் கையில் அகப்பட்டதை அள்ளிப்போடுவார்கள். ஏ.எஸ்.568 என்ற ஓ-ரிங் அளவு வரிசையின் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். 011 என்றால் உள்விட்டம் 7.65 மி.மீ., 012 என்றால் 9.25, 013 என்றால் 10.82. மூன்றுக்கும் தடிமன் ஒன்றே, 1.78 மி.மீ. இந்தத் தொகுதியில் பெரும்பாலானவற்றுக்கு 012 சரியாக உட்கார்ந்தது. ஆனால் அதை வேதவாக்காக எடுக்க வேண்டாம், பொம்மையைப் போட்டுப் பார்த்துத்தான் முடிவு. அறுந்த பழைய வளையத்தை வெர்னியரில் வைத்து அளந்தால் ஏமாற்றும், ஏனென்றால் பல வருடம் இழுபட்டு நீண்டிருக்கும். தடிமனை வேண்டுமானால் அதிலிருந்து எடுக்கலாம், விட்டத்தை எடுக்கக் கூடாது.

தொளதொளவென்றால் உடனே தெரியும். தலையைப் பிடித்துத் தூக்கினால் நெஞ்சுக்கும் இடுப்புக்கும் நடுவே வெளிச்சம் தெரியும், கால் ஆடும், நிற்கவே நிற்காது. இறுக்கம்தான் ஆபத்து. முதலில் பார்க்க விறைப்பாக, புதுசு போல அழகாக இருக்கும். ஆனால் இடுப்பு நெஞ்சுக்குள் ஏறிச் சிக்கிக்கொள்ளும், திருப்பினால் கிறீச்சிடும். கால்களுக்கு நடுவே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பட்டை இருக்கிறதே, மொத்த இழுப்பும் அதன் மேல்தான் விழும். இரண்டு நாள் தாங்கும், மூன்றாம் நாள் உட்காரவைக்கும்போது டக். போயே போச்சு என்று மேலே சொன்னேனே, அது 011 போட்டதன் பலன். பெவிக்விக் போட்டு ஒட்டலாம் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். இழுப்பு வாங்குகிற இடத்தில் அந்த ஒட்டு நிற்காது. இடுப்புத் துண்டையே மாற்ற வேண்டும்.

ரப்பர் வகையையும் கேட்டு வாங்குங்கள். கடையில் சாதாரணமாகக் கிடைப்பது நைட்ரைல். எண்ணெய்க்குத் தாங்கும், ஓசோனுக்கும் வெயிலுக்கும் தாங்காது. ஈ.பி.டி.எம். ஓசோனைப் பொருட்படுத்தாது, ஆனால் வாசலின் மாதிரி பெட்ரோலிய வகை பட்டால் ஊதிவிடும். சிலிக்கான் ரொம்ப நாள் உழைக்கும், ஆனால் கால்களைப் பிடித்திருக்கும் கொக்கியின் ஓரத்தில் சின்ன வெட்டு விழுந்தால் அங்கேயே கிழிந்துவிடும். என் ஓட்டு ஈ.பி.டி.எம்.முக்கு. மசகு எதுவும் தேவையில்லை. கட்டாயம் வேண்டுமென்றால் விரல் நுனியில் கொஞ்சம் டால்கம் பவுடர் போதும்.

பாரிமுனைப் பக்கம் பேரிங், ஆயில் சீல் கடைகளில் எண் சொன்னால் எடுத்துத் தருவார்கள். பத்து இருபது என்று கேட்டால் முகம் சுளிப்பார்கள், நூறாகக் கேட்டுவிடுங்கள், எப்படியும் தீர்ந்துவிடும். ஆன்லைனில் வந்த ஒரு 'அசார்ட்டட் கிட்' பெட்டியில் 012 என்று ஒட்டியிருந்த அறைக்குள் இரண்டு தடிமனில் வளையம் கலந்து கிடந்தது. மூன்று வாரக் குழப்பத்தில் பாதி அதனால்தான். வந்ததும் பத்து வளையத்தையாவது அளந்து பாருங்கள்.

பிரிக்கும் முன் முன்னாலும் பின்னாலும் ஒரு போட்டோ. இடுப்புத் துண்டில் எது முன்பக்கம், துப்பாக்கி உறை எந்தத் தொடையில், கொக்கியின் வாய் எந்தப் பக்கம் என்பதெல்லாம் பிரித்த பிறகு ஞாபகத்துக்கு வராது. ஸ்க்ரூ தலையில் முப்பது வருட அழுக்கு அடைத்திருக்கும். ஊக்கு முனையால் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் ஸ்க்ரூடிரைவரை வைக்க வேண்டும். ஸ்டார் 0 நம்பர். 00 போட்டால் உள்ளே சுற்றிக்கொண்டு தலையை மழுக்கிவிடும்.

உள்ளே பழைய வளையம் தார் மாதிரி ஒட்டிக்கிடந்தால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பட்ஸால் துடைக்கலாம். உட்புறம் மட்டும். வெளியே பட்டால் பெயின்ட் வரும். நெயில் பாலிஷ் ரிமூவரும் தின்னரும் கிட்டவே வரக்கூடாது, ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் கரைந்துவிடும். கால்களை இணைக்கும் ஆங்கில T வடிவ இரும்புக் கொக்கி துருவேறியிருந்தால், கடற்கரை ஊர்களில் ஏறாமல் இருந்தால்தான் ஆச்சரியம், கழற்றி வினிகரில் சில மணி நேரம் போட்டுத் தேய்த்துக் கழுவி நன்றாகக் காயவைக்க வேண்டும். துருவின் சொரசொரப்புதான் புது வளையத்தை அறுக்கிற ரம்பம்.

மாட்டுகிற இடம் வந்தாச்சு. புது வளையத்தைக் கொக்கியில் கோத்து, அதன் மறுமுனையில் ஒரு அடி நீளத் தையல் நூலை இரட்டையாக நுழையுங்கள். நூலை இடுப்புத் துண்டு வழியாக மேலே இழுத்தால் வளையமும் கூடவே வரும். நெஞ்சுப் பாதியைக் குப்புறப் போட்டு, முகம் தேயாமல் கீழே மடித்த துணி வைத்து, நூலைப் பிடித்து வளையத்தை இழுத்து, உள்ளே நிற்கும் ஸ்க்ரூ தூணில் மாட்டிவிட்டு நூலை உருவிவிடலாம். குரோஷே ஊசியாலும் செய்யலாம், ஆனால் இரும்பு முனை வளையத்தைக் கீறினால் அங்கிருந்துதான் அடுத்த வெடிப்பு தொடங்கும். நூலே மேல்.

மாட்டும் முன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். அச்சில் வார்த்த வளையத்தின் ஓரத்தில் மெல்லிய கோடு ஒன்று ஓடும். அந்தக் கோடு சுற்றிச் சுற்றி வராமல் ஒரே பக்கமாக ஓட வேண்டும். முறுக்கு விழுந்திருந்தால் பொம்மை நின்றபடியே மெல்ல மெல்ல ஒருபக்கம் திரும்பிக்கொள்ளும். காலையில் நேராக வைத்தவன் சாயங்காலம் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பான். ஒன்பதில் இரண்டை இதற்காகவே மறுபடி பிரிக்க வேண்டியிருந்தது.

அடுத்து இரண்டு தோள் வட்டு, கழுத்து. இவை மூன்றும் அதனதன் குழியில் உட்கார, முதுகுப் பாதியை மேலே வைத்து அழுத்த வேண்டும். ஒன்றை அமுக்கினால் இன்னொன்று எகிறும். பிள்ளைகள் விளையாடும் களிமண்ணை ஒரு உருண்டை எடுத்து, கைகள் இரண்டையும் அதில் சாய்த்துவைத்தால் மூன்றாவது கை கிடைத்த மாதிரி. ஸ்க்ரூவைத் துளையில் வைத்ததும் முறுக்காதீர்கள். முதலில் இடப்பக்கமாக, கழற்றுகிற திசையில் மெதுவாகச் சுற்றுங்கள். ஒரு இடத்தில் 'டிக்' என்று லேசாக இறங்கும். பழைய மரை ஆரம்பிக்கிற இடம் அது. அங்கிருந்து வலப்பக்கம் முறுக்கினால் பழைய பாதையிலேயே போகும். இல்லாவிட்டால் பிளாஸ்டிக்கில் புது மரை வெட்டும், நாலு முறை பிரித்து மாட்டினால் துளை தொளதொளத்துவிடும். இறுக்கம் தெரிந்த இடத்தில் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் கால் சுற்று போனாலும் தோள் அசையாது.

முதல் பொம்மைக்கு முக்கால் மணி நேரம் போனது. ஒன்பதாவதுக்குப் பதினைந்து நிமிடம். ராத்திரிக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால் அலுக்காது. நாலைந்தை ஒரே நேரத்தில் பிரித்துப்போட்டால் யாருடைய கை யாருக்கு என்று தெரியாமல் மறுபடி சலிப்பு வந்து உட்கார்ந்துகொள்ளும். அப்பளம் பொரித்து வைக்கிற டப்பா மூடி ஒன்று, அதில் ஒரு பொம்மை. அவ்வளவே.

காத்திருக்கும் இரண்டுக்கும் கட்டைவிரல் இல்லை. துப்பாக்கியைக் கையில் திணித்து உடைத்தது. விரலை ஒட்டப் பார்ப்பது வீண்வேலை. முதுகைத் திறந்தால் கை முழுசாகக் கழன்று வருவதால் வேறு ஒன்றிலிருந்து கையை எடுத்து மாட்டிவிடலாம். இங்கேதான் நம்மூர்ச் சிக்கல். ஹாஸ்ப்ரோவின் அச்சுகள் உலகம் சுற்றியவை. அர்ஜென்டினாவில் பிளாஸ்டிராமா, பிரேசிலில் எஸ்ட்ரேலா, இந்தியாவில் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட எம்.ஆர்.எஃப். குழுமத்தின் ஃபன்ஸ்கூல். அமெரிக்காவில் 1994-இல் அந்த வரிசை முடிந்த பிறகும் இங்கே ஓடிக்கொண்டிருந்தது. அச்சு ஒன்றாக இருக்கும்போது பாகம் பொருந்தும், நிறம்தான் பொருந்தாது. நம்மூர்ப் பதிப்பின் பச்சையும் அமெரிக்கப் பச்சையும் பக்கத்தில் வைத்தால் பல்லிளிக்கும். வெளிநாட்டுக்காரர்கள் ஃபன்ஸ்கூலைத் தேடி வாங்குவதற்கும் அந்த நிற வித்தியாசம் ஒரு காரணம். ஆகவே உதிரிக்கென்று வாங்கும்போது நம்மூர்ப் பதிப்பையே கேளுங்கள். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய பொம்மைக் குவியலைக் கிளறினால் சிலசமயம் அகப்படும். முகம் தேய்ந்தது, கால் போனது என்று ஒதுக்காதீர்கள், கட்டைவிரல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மாட்டிய பிறகு துப்பாக்கி கொடுக்கும் முன் கையை வெந்நீரில், தொட்டால் சுடுகிற அளவுதான், கொதிக்கக் கூடாது, அரை நிமிடம் நனைத்தால் விரல் இளகும்.

அடுத்த வேலையையும் இப்போதே யோசித்தாச்சு: 1984-இன் ஸ்டார்ம் ஷேடோ என்ற நிஞ்ஜா. வெள்ளை உடுப்பு, இப்போது டீ கறை நிறம். ஹைட்ரஜன் பெராக்சைடும் வெயிலும் சேர்ந்தால் வெளுக்கும். சலூன் சாமான் கடையில் கிடைக்கும் 20 வால்யூம் கிரீம் 6 சதவீதம், 40 வால்யூம் 12. கிரீமைத் தடவினால் காய்ந்த இடம் ஒரு நிறம், காயாத இடம் ஒரு நிறம் என்று திட்டுத்திட்டாகும் என்பதால் திரவத்தில் முழுசாக மூழ்கவைப்பதுதான் திட்டம். இரும்பு ஒன்றுகூட உள்ளே போகக்கூடாது, ஆக அதற்கும் முதலில் இந்த ஓ-ரிங் வேலையைச் செய்தாக வேண்டும். நெஞ்சிலுள்ள சின்னம் தாங்குமா என்பதுதான் கவலை. முதலில் பிரயோசனமில்லாத ஒரு வெள்ளைக் காலைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

அதற்குள் 012 வளையம் தீர்ந்துவிட்டது. சனிக்கிழமை பாரிமுனை.