குட்டிக்கும் தாகமா இருக்கும்ல?

சினை ஆட்டுக்குத் தண்ணீரை நிறுத்தி, தாயிலும் வயிற்றிலிருக்கும் கருவிலும் என்ன மாறுகிறது என்று பார்த்த சோதனை அது. அந்த ஆட்டின் முடிவுகளில் ஒரு குறையும் இல்லை. தாயின் ரத்த ஆஸ்மோலாலிட்டி, அதாவது ரத்தத்தில் கரைந்திருப்பவற்றின் செறிவு, ஏறியது, கூடவே கருவினுடையதும் ஏறியது. கருவின் ரத்தத்தில், சிறுநீரைக் குறைத்து உடலில் தண்ணீரைத் தக்கவைக்கும் ஹார்மோனான வாசோபிரெசின் கூடியது, சிறுநீர் குறைந்தது. ஆனாலும் அந்த வரைபடத்தை எடுக்கும்போதெல்லாம் கடைசி இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் இருக்கும் இடைவெளியில்தான் என் கண் போய் நிற்கிறது. கொட்டகையைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் வந்து என்னிடம் கேட்டது அப்போதுதான்.

தண்ணீர் நிறுத்தி இரண்டாம் நாள். கடைசி மாதிரி எடுக்க இன்னும் சில மணி நேரம் இருந்தது. தீவனம் வைத்துப் பார்த்திருக்கிறார். ஆடு முகர்ந்து பார்த்துவிட்டு விலகிவிட்டது.

"வாளி இருந்த பக்கமே பாத்துட்டு நிக்குது சார். இப்பவே கொஞ்சம் குடுத்துடலாமா? உள்ள இருக்கற குட்டிக்கும் தாகமா இருக்கும்ல?"

"குட்டி தண்ணிக்குள்ளதானே அண்ணே இருக்கு. சாயங்காலம் ரத்தம் எடுத்ததும் குடுத்துடலாம்" என்றேன்.

"சரி சார்" என்று போய்விட்டார்.

நான் சொன்னதில் பொய் ஏதும் இல்லை. செம்மறியின் சினைக்காலம் ஏறக்குறைய 147 நாள். அதன் கடைசி மாதத்தில் கரு நாளொன்றுக்கு அரை லிட்டருக்கு மேலேயே சிறுநீர் கழிக்கும். அதன் செறிவு ரத்தத்தில் பாதி அளவுதான், பல நேரம் அதைவிடவும் குறைவு. அது பனிக்குடத்துக்கும், யூராக்கஸ் என்ற குழாய் வழியாக அலன்டாயிஸ் என்ற இன்னொரு திரவப் பைக்கும் போகிறது. பனிக்குட நீரைக் கரு திரும்ப விழுங்குகிறது. நீர்த்த திரவத்துக்குள் கிடந்து அதையே குடிக்கும் உயிருக்குத் தாகம் எங்கிருந்து வரும் என்று கேட்டால், கேள்வி நியாயமாகத்தான் படுகிறது.

ஆனால் மறுபாதியும் எனக்குத் தெரியும். கருவுக்குத் தண்ணீர் வரும் வழி தாயின் ரத்தம் ஒன்றுதான். தாயின் ரத்தம் செறிவடைந்தால் நஞ்சுக்கொடி வழியாகத் தண்ணீர் கருவிலிருந்து தாயின் பக்கம் இழுபடும். அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தது தாயின் நிலையை மட்டுமல்ல. குட்டியும் தன் தண்ணீரை இழந்துகொண்டிருந்தது.

அப்புறம் அந்த ஹார்மோன். ஆட்டில் தாயின் வாசோபிரெசின் நஞ்சுக்கொடியைத் தாண்டி உள்ளே போவதில்லை. கருவின் ரத்தத்தில் நாங்கள் அளந்தது முழுக்கக் கருவின் பிட்யூட்டரி சுரந்தது. வேறு காரணங்களாலும் அது ஏறும், உண்மைதான். கருவுக்கு ஆக்சிஜன் குறைந்தாலோ தொப்புள்கொடி நெருக்கப்பட்டாலோ பல மடங்கு எகிறிவிடும். ரத்தம் அதிகம் எடுத்தாலும் ஏறும். அதனால்தான் கருவின் ரத்தக்குழாயில் பொருத்திய மெல்லிய குழாயான கதீட்டரில் முதலில் வரும் ரத்தத்தைத் தனியே வைத்துக்கொண்டு, பனியில் குளிர்ந்த குழாயில் மாதிரியை எடுத்து, தனியே வைத்ததைத் திரும்பச் செலுத்தி, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் கலந்த உப்புநீரால் கழுவிவிடுவோம். 3 கிலோ எடையுள்ள கருவிடம் ஒவ்வொரு மில்லிலிட்டருக்கும் கணக்கு உண்டு. அன்று கருவின் ரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் 20 மி.மீ. பாதரசத்துக்கு மேல் சீராகவே இருந்தது, எடுத்த ரத்தமும் கொஞ்சம். ஆக அந்த ஏற்றத்துக்குத் தண்ணீர்க் குறைவைத் தவிர வேறு காரணம் சொல்ல எனக்கு வழியில்லை. குட்டியின் மூளை குறையை உணர்ந்துவிட்டது என்பதற்கான சான்றைச் சேகரித்துக்கொண்டிருந்த அதே மத்தியானத்தில்தான், அதற்கு ஒரு குறையும் இல்லை என்று தோன்றும்படி நான் பதில் சொன்னேன்.

மூளை உணர்வதும் தாகமும் ஒன்றா? பிறக்கும் நாள் நெருங்கிய கருவுக்குச் செறிந்த உப்புநீர் செலுத்தினால் விழுங்குவது கூடுகிறது. தாகத்தைத் தூண்டும் ஹார்மோனான ஆஞ்சியோடென்சினுக்கும் அப்படியே. தாகத்துக்கான சுற்று அங்கே வேலை செய்கிறது என்று இதிலிருந்து சொல்லலாம். ஆனால் கரு பெரும்பாலும் தூக்கம் போன்ற நிலையில்தான் இருக்கிறது, பிறந்து மூச்சுவிடும் வரை அதற்கு முழு விழிப்பு இல்லை என்று சொல்பவர்களின் வாதமும் வலுவானதுதான். பெரும்பாலான நாட்களில் நானும் அந்தப் பக்கம்தான்.

தாய் ஆட்டைப் பற்றி அப்படி ஒரு வாதம்கூட என்னிடம் இல்லை. அது விழித்துக்கொண்டு நின்றது. நெறிக்குழு அனுமதித்த திட்டம்தான், எங்கே நிறுத்த வேண்டும் என்ற வரம்பும் எழுதியிருந்தது, ஆடு அந்த வரம்பை நெருங்கவும் இல்லை. அப்போது தண்ணீர் கொடுத்திருந்தால் அதற்குச் செய்த அறுவை, அதுவரை பட்ட சிரமம் எல்லாம் வீணாகி, இன்னொரு சினை ஆட்டிடம் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். இதைப் பலமுறை எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன், இன்றும் சரியென்றே படுகிறது. ஆனால் இதே நியாயத்தை இன்னும் பத்து மணி நேரம் நீட்டிக்கவும் சொல்லலாமே என்று தோன்றும்போது பிடி தளர்ந்துவிடுகிறது.

இந்த வேலையின் பயன்மேல் எனக்குச் சந்தேகமில்லை. புதிதாகப் பிறந்த ஆட்டுக்குட்டியின் ரத்தத்தில் வாசோபிரெசின் நிறையவே இருக்கும். பிறக்கும்போது அது உச்சத்துக்குப் போய், அட்ரினலினோடு சேர்ந்து நுரையீரலில் இருக்கும் திரவம் உறிஞ்சப்படவும் உதவுகிறது. ஆனால் சிறுநீரகம் அந்தக் கட்டளைக்கு அரைகுறையாகத்தான் பணிகிறது. சிறுநீரகத்தின் உட்பகுதியான அகணியில் உப்புச் செறிவு இன்னும் சேரவில்லை, தண்ணீரைக் கடத்தும் புரதமான அக்வாபோரின்-2 போதுமான அளவு இல்லை. மனிதக் குழந்தையும் அப்படித்தான். பெரியவர்கள் சிறுநீரை 1200 மில்லிஆஸ்மோல் வரை செறிவாக்கும்போது, பிறந்த குழந்தையால் சுமார் 600-ஐத் தாண்ட முடிவதில்லை. குறைமாதக் குழந்தைக்கு எவ்வளவு திரவம் ஏற்றுவது என்று முடிவெடுப்பவர்களுக்கு இந்த விவரம் தேவை. அண்ணனிடம் இதைச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பாரா என்பது வேறு விஷயம். அவர் கேட்டது பயனைப் பற்றி அல்ல.

இப்போது மற்றவர்களின் ஆய்வுத் திட்டங்கள் பரிசீலனைக்கு என்னிடம் வருகின்றன. தண்ணீர் நிறுத்தும் நேரத்தைக் குறைக்க முடியுமா என்று கேட்கிறேன். செறிந்த உப்புநீரைத் தாயின் ரத்தக்குழாயில் ஏற்றினால் சில மணி நேரத்தில் அதே ஆஸ்மோலாலிட்டி வந்துவிடும் என்பார்கள். நேரம் குறையும், ஆனால் தாகம் சட்டென்று, கடுமையாக வரும். மெல்ல ஏறும் நீண்ட தாகமா, சுருக்கென்று வந்து போகும் தாகமா, எது ஆட்டுக்கு எளிது? போன முறை ஒரு ஆய்வு மாணவி இதையே என்னிடம் திருப்பிக் கேட்டாள். எதையும் எழுதாமல் படிவத்தை என்னிடமே வைத்துக்கொண்டு, அடுத்த வாரம் பேசலாம் என்று அனுப்பிவைத்தேன்.