நடுக்கூடத்து மச்சில் ஒரு திறப்பு

பிப்ரவரி 3, 2025

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் தெருவின் வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்பவை. இரு பக்கச் சுவர்களும் பக்கத்து வீடுகளோடு பொதுவாக இருப்பதால் நடுக்கூடத்தில் சன்னல் வைக்க இடமில்லை. பகலிலும் அங்கே விளக்கு எரிகிறது. வெளிச்சம் வர வேண்டுமானால் அது மேலிருந்துதான் வர வேண்டும். ஆகவே மச்சில் ஒரு ஸ்கைலைட், அதாவது கூரையில் கண்ணாடி மூடிய திறப்பு, வைப்பது என்று முடிவாகிவிட்டது.

கண்ணாடி விற்கும் கடைகளில் கேட்டால், எந்தக் கண்ணாடி, எத்தனை மில்லிமீட்டர் என்றுதான் பேச்சு தொடங்குகிறது. எங்கள் கூரை கான்கிரீட் தளம் அன்று, மெட்ராஸ் டெரஸ். பொதுச்சுவர்களுக்கு இடையே பத்தடி நீளத்துக்கு ஒன்றரை அடிக்கு ஒன்றாகத் தேக்குச் சட்டங்கள், அவற்றின் மேல் சாய்கோணமாகக் குத்துவாட்டில் அடுக்கிய மெல்லிய செங்கற்கள், அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கட்டையால் தட்டித் தட்டி இறுக்கிய அடுக்கு, எல்லாவற்றுக்கும் மேலே தட்டோடு எனப்படும் தட்டையான ஓடுகள். இதில் ஓட்டை போடுவது என்பது ஒரு சட்டத்தை நடுவில் அறுப்பது. அறுத்த சட்டம் சுமந்த பாரம் இனி எங்கே போகும் என்பதற்கு விடை சொல்லாமல் கண்ணாடியைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை.

பிப்ரவரி 6

பொறியாளர் வந்தார்; இளம் பெண், ஆனால் பழைய கட்டடங்களில் மட்டுமே வேலை செய்பவர். ஏணியில் ஏறி ஒவ்வொரு சட்டத்தையும் சிறு சுத்தியலால் தட்டிக் கேட்டார். நடுப்பகுதிகள் எல்லாம் கணீரென்று ஒலித்தன. அவர் அதிக நேரம் செலவிட்டது சட்டங்களின் முனைகளில். தேக்கு பொதுவாக நடுவில் கெடுவதில்லை. சுவருக்குள் பதிந்து, ஈரமும் காற்றோட்டமின்மையும் சேரும் இடத்தில்தான் கெடுகிறது. திருப்புளியை அழுத்தியபோது வடக்கு முனைகளில் ஒன்று அரை அங்குலம் உள்ளே போயிற்று. அந்தச் சட்டம் திறப்பின் ஓரச் சட்டமாக இருக்கக் கூடாது என்று சொல்லி, நான் குறித்து வைத்திருந்த இடத்தை இரண்டு சட்டங்கள் தள்ளித் தெருப்பக்கமாக நகர்த்தினார். வெளிச்சம் ஊஞ்சலின் மேல் விழாது என்பதில் வீட்டில் சிறு வருத்தம்.

பிப்ரவரி 11

இன்று கணக்கு. எழுதி வைத்துக்கொள்ள வேண்டியது இதுதான்.

கூரையின் மொத்தக் கனம் எட்டு அங்குலம். சதுர அடிக்குச் சுமார் 35 கிலோ அதன் சொந்த எடை. மக்கள் ஏறி நடமாடும் மொட்டை மாடிக்கு இந்தியத் தர விதி கேட்கும் கூடுதல் பாரம் சதுர மீட்டருக்கு 1.5 கிலோநியூட்டன், அதாவது சதுர அடிக்குச் சுமார் 14 கிலோ. இரண்டையும் சேர்த்து 50 என்று கொண்டால், பத்தடி நீளச் சட்டம் ஒவ்வொன்றும் 750 கிலோ தாங்குகிறது.

திறப்பு, சட்டங்களின் மையத்திலிருந்து மையத்துக்கு மூன்றடி அகலம், நான்கடி நீளம். ஒரே ஒரு சட்டம் அறுபடும்; இரு சுவர்ப் பக்கமும் அதில் மும்மூன்றடித் துண்டு மிஞ்சும். ஒவ்வொரு துண்டின் மேலும் 225 கிலோ. அதில் பாதியைச் சுவர் ஏற்கும், மறுபாதி திறப்பின் விளிம்பில் போடும் குறுக்குச் சட்டத்துக்கு வரும். குறுக்குச் சட்டம் அதை இரண்டாகப் பங்கிட்டு, இரு ஓரச் சட்டங்களுக்கும் 56 கிலோ வீதம் கொடுக்கும். இரண்டு குறுக்குச் சட்டங்கள் இருப்பதால் ஓரச் சட்டம் ஒன்றுக்குப் புதிதாக 112 கிலோ. ஆனால் திறப்பு இருக்கும் இடத்தில் கூரையே இல்லாததால் அதே சட்டத்திலிருந்து 150 கிலோ கழிகிறது. கூட்டிப் பார்த்தால் பாரம் முன்னைவிடக் குறைவு!

நான் மகிழ்ந்துபோனேன். பொறியாளர் மகிழவில்லை. திறப்பைச் சுற்றி மழைநீர் ஏறாதபடி ஒரு வரப்பு வேண்டும். மேஸ்திரிகள் வழக்கமாக நாலரை அங்குலச் செங்கல்லில் ஒன்பது அங்குல உயரத்துக்குக் கட்டுவார்கள். அதன் எடை மட்டும் 200 கிலோ. அது முழுவதும் சட்டத்தின் நடுப்பகுதியில், வளைவு மிகுதியாக இருக்கும் இடத்தில் உட்காரும். கண்ணாடியின் எடை அதற்கு முன் ஒன்றுமே இல்லை: பன்னிரண்டு மில்லிமீட்டர் கனத்துக்குச் சதுர மீட்டருக்கு 30 கிலோ. ஆகவே செங்கல் வரப்பு வேண்டாம். தேக்குப் பலகை வரப்பு. அதோடு ஓரச் சட்டம் ஒவ்வொன்றையும் ஒட்டி ஒரு துணைச் சட்டமும் வேண்டும் என்கிறார். பழைய மரத்தின் எஞ்சிய வலு கண்ணால் தெரியாது. தவிர, சட்டம் சிறிதளவு கூடுதலாகத் தொய்ந்தாலும் மேலே உள்ள சுண்ணாம்புத் தளம் வெடிக்கும், வெடிப்பில் ஐப்பசி மழை இறங்கும்.

பிப்ரவரி 13

துணைச் சட்டங்களின் முனைகள் பொதுச்சுவரில் குழி வெட்டிப் பதிய வேண்டும்; சட்டம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கக் குழி ஆழமாக இருக்க வேண்டுமாம். அந்தச் சுவரின் மறுபக்கத்தில் பாய் வீட்டுச் சட்டங்களும் பதிந்திருக்கின்றன. நேரில் போய்க் கேட்டேன். “தாராளமா செய்யுங்க தம்பி, எங்க கட்டை எந்த இடத்துல இருக்குன்னு உள்ளே வந்து அளந்துக்கோங்க” என்றார். அளந்ததில் ஒரு குழி அவர் வீட்டுச் சட்டத்துக்கு நேர் எதிரே விழுந்தது. அங்கே ஆழமாகத் தோண்ட முடியாது என்பதால், அந்தச் சட்டத்துக்கான ஆழக் குழியை எதிர்ச்சுவருக்கு மாற்றினோம்.

பிப்ரவரி 20

முட்டுக் கொடுக்கும் வேலை முடிந்தது. அறுக்கப் போகும் சட்டத்துக்கும் அதன் இருபுறச் சட்டங்களுக்கும் அடியில், திறப்பின் இரு எல்லைகளுக்கும் சற்று வெளியே, குறுக்காகப் பலகை வைத்து அதைச் சவுக்குக் கட்டைகளால் தாங்கினார்கள். சிவப்பு ஆக்சைடு தரையில் கட்டைகள் நேராக ஊன்றாமல் அடியிலும் நீளப் பலகை. ஆப்பு அடிக்கும்போது பொறியாளர் கூடவே நின்றார். முட்டு பாரத்தை ஏற்க வேண்டுமே தவிர மச்சைத் தூக்கக் கூடாது. ஒரு நூல் அளவு தூக்கினாலும் சுண்ணாம்புத் தளம் மேலே பிளக்கும். சுவருக்குச் சுவர் இழுத்துக் கட்டிய நூலுக்கும் சட்டத்துக்கும் உள்ள இடைவெளியை ஒவ்வோர் ஆப்புக்குப் பின்னும் அளந்தார்.

துணைச் சட்டங்கள் பழைய வீட்டை இடித்த மரக்கடையில் வாங்கிய தேக்கு; பழைய மரம் உலர்ந்து முடிந்தது, இனிச் சுருங்காது. இரு சுவர்களுக்கு நடுவே நிற்கும் இடத்தைவிட நீளமான மரத்தை எப்படி உள்ளே நுழைப்பது என்று எனக்குப் புரியவில்லை. ஆசாரி ஒரு குழியை மற்றதைப்போல் இரு மடங்கு ஆழமாக வெட்டச் செய்து, மரத்தை முதலில் அதற்குள் முழுவதும் தள்ளி, பிறகு மறுமுனையை எதிர்க்குழிக்குள் இழுத்துப் பொருத்தினார். முனைகளுக்கு அடியில் கருங்கல் துண்டு, பக்கங்களில் காற்று போக இடைவெளி. துணைச் சட்டம் திறப்பின் உள்பக்கம் வராமல் வெளிப்பக்கம் ஒட்டியதால் வெளிச்சத்தின் அகலம் குறையவில்லை.

பிப்ரவரி 25

மேலிருந்து பிரித்தார்கள். இடிக்கும் எந்திரம் வேண்டாம் என்பது முதலிலேயே பேசி வைத்தது. அதன் அதிர்வு திறப்போடு நிற்காது. எல்லையில் தட்டோட்டையும் சுண்ணாம்பையும் வாளால் அறுத்துவிட்டு, உள்ளே உளியும் கையுமாக அடுக்கடுக்காக எடுத்தார்கள்.

செங்கல் அடுக்கு வெளிப்பட்டபோது வேலையின் உண்மையான சிக்கல் தெரிந்தது. கற்கள் சாய்கோணமாக ஓடுவதால், நேர்க்கோட்டில் வெட்டிய விளிம்பில் ஒவ்வொரு வரிசையும் முக்கோண முனையோடு அந்தரத்தில் நிற்கிறது. இவ்வளவு காலமும் பக்கத்துக் கல்லின் நெருக்கத்தால் நின்றவை, இப்போது நெருக்க ஒன்றுமில்லை. குறுக்குச் சட்டத்தின் மேல்முகம் மற்றச் சட்டங்களின் மேல்முகத்தோடு ஒரே மட்டத்தில் இருந்தால்தான் இந்த முனைகள் அதன் மேல் அமரும். ஆகவே திறப்பின் எல்லையைவிட ஒரு சாண் கூடுதலாகப் பிரித்து, சட்டம் பொருத்திய பின் அந்த இடத்தைப் பழைய கற்களாலேயே சுண்ணாம்புச் சாந்தில் திரும்பக் கட்டுவது என்று தீர்மானமாயிற்று. சிமென்ட் வேண்டாம் என்பதில் மேஸ்திரியும் பொறியாளரும் ஒரே குரல். சிமென்ட் இறுகிப்போகும், பக்கத்துச் சுண்ணாம்பு அதோடு இணங்கி அசையாது, ஒட்டிய கோட்டிலேயே பிரியும்.

பிப்ரவரி 26

சட்டத்தை அறுத்தாகிவிட்டது. குறுக்குச் சட்டத்தை எப்படி இணைப்பது என்பதில் ஆசாரிக்கும் பொறியாளருக்கும் நீண்ட வாக்குவாதம். ஓரச் சட்டத்தின் அடியில் வெட்டுப் போட்டு அதில் உட்கார வைக்கலாம் என்றார் ஆசாரி. பாரம் ஏறிய சட்டத்தின் அடிப்பாகம் இழுவையில் இருக்கிறது, அங்கே வெட்டினால் வெட்டின் மூலையிலிருந்து மரம் நீளவாக்கில் கிழியும் என்றார் பொறியாளர். “அப்போ நடுவுல துளை போட்டுக் கழுந்து இறக்கறேம்மா, எங்க தாத்தா காலத்து வேலை” என்று ஆசாரி இறங்கி வந்தார். கழுந்து என்பது துளைக்குள் பொருந்தும்படி மரத்தின் முனையில் செதுக்கும் நாக்கு. உயரத்தின் நடுக்கோட்டில் இழுவையும் அழுத்தமும் மிகக் குறைவு என்பதால் அது கொள்கையளவில் சரி. இறுதியில் நடுவில் ஆழமில்லாத சிறு கழுந்து, அதற்கு அடியில் தாங்கலாகத் துருப்பிடிக்காத எஃகில் ஒரு வளைத்த தகடு, ஓரச் சட்டத்தையும் துணைச் சட்டத்தையும் ஊடுருவும் போல்ட். காசிமேட்டு உப்புக் காற்றுக்குச் சாதாரண இரும்பு சில ஆண்டுகளுக்கு மேல் தாங்காது. உப்பைத் தாங்கும் 316 தரத் துருப்பிடிக்காத எஃகு விலை கூடுதல்தான், ஆனால் கூரைக்குள் மூடிய பின் அதை மாற்ற வழியில்லை.

எனக்கு ஆசாரியின் கழுந்தின் மேல் சாய்வு இருந்தது என்பதையும் எழுதி வைக்கிறேன்.

மார்ச் 4

பலகை வரப்பு நின்றது. தளத்தின் நீரோட்டம் தெருப்பக்கம் போவதால், வரப்பின் மேட்டுப்பக்கத்தில் தண்ணீர் தேங்காமல் இருபுறமும் பிரியச் சிறு முகடு. கண்ணாடி தட்டையாக இல்லை, லேசான சரிவு. சென்னையில் ஏப்ரல் கடைசியில் உச்சிவெயில் நேர் தலைமேல். மே முதல் ஜூலை வரை நண்பகல் சூரியன் வடக்கே சாய்கிறது. ஆகவே வடக்குப் பார்த்து வைத்தால் வெயில் வராது என்ற அறிவுரை இங்கே செல்லாது. நிழல் துணிக்கான கொக்கிகள் இப்போதே வரப்பில்.

மார்ச் 28

சுண்ணாம்பு இறுக இவ்வளவு நாள் முட்டுகளை விட்டுவைத்தோம். இன்று நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒவ்வொன்றாக ஆப்பைத் தளர்த்தினார்கள், நூலைப் பார்த்துக்கொண்டே. குறுக்குச் சட்டங்கள் ஒரு மில்லிமீட்டர் இறங்கி நின்றன. ஓரச் சட்டங்களில் இறக்கம் தெரியவில்லை. கசிகிறதா என்று பார்க்க வரப்பைச் சுற்றி மண்கரை கட்டித் தண்ணீர் நிறுத்தியிருக்கிறது, நாளை மாலை வரை. கழற்றிய முட்டுகளில் இரண்டை மட்டும் பொறியாளர் எடுத்துப்போக விடவில்லை. உளுத்த முனையுள்ள அந்த வடக்குச் சட்டத்துக்கு அடியில் அவை நிற்கின்றன, அதற்கான வேலை தனியாகத் தொடங்கும்வரை.