ஜாடியின் அடியில் நான்கு எழுத்துகள்

பழம்பொருள் கடையொன்றில் நேற்று நான் பார்த்த சீன இஞ்சி ஜாடியில், விரிசல் விட்ட பனிக்கட்டி போன்ற நீலத் தரையில் வெள்ளைப் பிளம் பூக்கள் தீட்டப்பட்டிருந்தன. அடியில் காங்ஷி பேரரசரின் (ஆட்சி 1662–1722) பெயர் நான்கு எழுத்துகளில் இருந்ததால், முந்நூறு ஆண்டுப் பழையது என்றார் கடைக்காரர். அந்தப் பெயரே என்னைத் தயங்க வைத்தது. பேரரசரின் பெயர் தாங்கிய பாத்திரம் உடைந்து சிதறுவது அவமரியாதை என்று, 1677இல் சீனாவின் பீங்கான் நகரமான ஜிங்தெஜென்னின் அதிகாரி ஒருவர் அதை எழுதத் தடை விதித்தார். அதனால் அக்காலத்து அசல் பீங்கான்கள் பலவற்றின் அடியில் இரட்டை நீல வட்டத்துக்குள் வெறுமையோ ஓர் இலையோதான் இருக்கும். இந்த நான்கெழுத்து முத்திரையோ 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செய்த ஜாடிகளில் மலிந்து கிடப்பது. போலி என்று தள்ளிவிடவும் மனம் வரவில்லை. முந்தைய ஆட்சியின் பெயரை மரியாதைக்காக இடுவதும் சீனக் குயவர்களின் வழக்கம்தான். 19ஆம் நூற்றாண்டு ஜாடிக்குரிய விலையென்றால் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லி வந்திருக்கிறேன்.