பிக்கப்புக்குப் பவர் கூட்டினால் என்ஜின் தாங்குமா? டெல்டாவில் இதுவரை பார்த்தது

மீட்டர் மாட்டாமல் பவர் கூட்டக் கூடாது என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டேன். கூட்டிய பிறகு அளந்தால், எதோடு ஒப்பிடுவது?

வண்டி, செகண்ட் ஹேண்டில் வாங்கிய பி.எஸ்.4 (முந்தைய புகை விதிப்படி வந்த) பொலேரோ பிக்கப். டீசல், 2523 சிசி, நான்கு சிலிண்டர், காமன் ரெயில் (டீசலை அழுத்தத்தில் வைத்து, கம்ப்யூட்டர் சொல்கிறபடி தெளிக்கும் அமைப்பு), டர்போ (வெளியேறும் புகையின் வேகத்தில் சுற்றி என்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளுவது). பவர் 70-75 குதிரைத்திறன், இழுவை 200 நியூட்டன் மீட்டர் அளவில். வலங்கைமான் பக்கத்தில் எங்கள் நெல்லையும் பங்காளிகள் நெல்லையும் கொள்முதல் நிலையத்துக்கு ஏற்றும். இடையிடையே வேதாரண்யத்திலிருந்து உப்பு.

கும்பகோணத்தில் வாடிக்கையான பட்டறையில் எக்ஸாஸ்ட் சூட்டை அளக்க ஒரு தெர்மோகப்பிளும், டர்போ தள்ளுகிற காற்றின் அழுத்தத்தை அளக்க ஒரு பூஸ்ட் மீட்டரும் போட்டோம். தெர்மோகப்பிளை டர்போவுக்கு முன்னால், சிலிண்டர்களின் புகை வந்து சேரும் மேனிஃபோல்டிலேயே வைக்கச் சொன்னேன். டர்போவைத் தாண்டி வைப்பது சுலபம். ஆனால் லோடில் 100 டிகிரிக்கு மேல் குறைத்துக் காட்டும், பிஸ்டன் படுகிற பாடு தெரியாது. மெக்கானிக் அண்ணன் மேனிஃபோல்டைக் கழற்றி வெளியே வைத்துத்தான் துளை போட்டார். வண்டியில் இருக்கும்போதே துளைத்தால் இரும்புத்தூள் நேரே டர்போவின் சக்கரமான டர்பைனில் போய் விழும். யாராவது போடுவதாக இருந்தால் இந்த ஒரு வேலையில் அவசரம் வேண்டாம்.

குறுவை அறுவடையில், 40 கிலோ சிப்பம் 30க்கு மேல் ஏற்றிக்கொண்டு, கம்பெனி செட்டிங்கிலேயே ஓட்டிப் பார்த்தேன். சமமான சாலையில் 500 டிகிரியை ஒட்டி நின்றது. ஆற்றுப்பாலம் ஏறும்போது 600 வரை போய், இறங்கியதும் தணிந்தது. டெல்டாவில் மலை கிடையாது. பாலத்து ஏற்றமும், திருத்துறைப்பூண்டிக்குக் கிழக்கே அடிக்கும் எதிர்காற்றும்தான் சோதனை. பாலம் ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும். காற்று முடியாது. இந்த வித்தியாசம் பிறகு ரொம்ப முக்கியமாகப் போயிற்று.

அதற்கு நடுவில் ஒரு கணக்குப் போட்டேன். இழுவையை நியூட்டன் மீட்டரில் எடுத்து, என்ஜினின் லிட்டரால் வகுத்து, வருவதை 8ஆல் வகுத்தால், பிஸ்டனைத் தள்ளும் சராசரி அழுத்தம் ஏறத்தாழ எத்தனை பார் (அழுத்தத்தின் அலகு) என்று கிடைக்கும். என் வண்டிக்கு 10 பார். இசுசு வி-கிராஸ் 1.9 லிட்டரில் 360 நியூட்டன் மீட்டர் தருகிறது, கிட்டத்தட்ட 24 பார். டொயோட்டா ஹைலக்ஸ் 2.8 ஆட்டோமேட்டிக்கில் 500, அது 23 பார். அமெரிக்காவில் 1989இல் டாட்ஜ் பிக்கப்பில் வந்த 5.9 லிட்டர் கம்மின்ஸ் 160 குதிரைத்திறன்தான், ஏறத்தாழ 11.5 பார், என் வண்டி ரகம். அதே வம்சத்தில் 2019இல் வந்த 6.7 லிட்டர், 400 குதிரைத்திறன், 25 பார்.

இதைப் பார்த்ததும், 24 பாரில் புது வண்டிகள் ஓடும்போது நாம் 12க்குப் போனால் என்ன கெட்டுவிடும் என்றுதான் தோன்றும். பட்டறையில் எல்லோரும் சொல்வதும் இதுதான். ஆனால் 2019 கம்மின்ஸுக்கு பிளாக்கின் உலோகத்தையே மாற்றினார்கள். பழைய வார்ப்பிரும்புக்குப் பதில், உள்ளே கிராஃபைட்டின் வடிவத்தை மாற்றி வார்த்த வலுவான இரும்பு. பிஸ்டன், கனெக்டிங் ராடு எல்லாம் புதிது. பவர் ஏறினால் ஆயுள் குறையும் என்று பொதுவாகச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. கம்பெனி பவர் கூட்டும்போது இரும்பும் கூடவே மாறுகிறது. நாம் லேப்டாப்பை மாட்டி என்ஜின் கம்ப்யூட்டரில் கூட்டும்போது எண் மட்டும்தான் மாறுகிறது. சிலிண்டர் மூடியை இறுக்கும் ஹெட் போல்ட்டும், அதன் இடுக்கில் கசியாமல் அடைக்கும் கேஸ்கெட்டும், பேரிங்கும் பழைய 10 பாருக்குச் செய்தவை. 2000 ஆர்பிஎம்மில் ஒரு சிலிண்டர் நிமிஷத்துக்கு 1000 தடவை அடிக்கிறது. கூடுதல் அடி ஒவ்வொன்றையும் அந்தப் பழைய போல்ட்தான் வாங்க வேண்டும்.

சம்பா அறுவடைக்கு முன் ரீமேப், அதாவது என்ஜின் கம்ப்யூட்டரில் இருக்கும் அளவுப் பட்டியலை (மேப்) மாற்றும் அந்த லேப்டாப் வேலை. இழுவை கால்வாசி கூடும் என்றார் டியூன் செய்தவர். கூடியது, மறுக்க முடியாது. லோடோடு மூன்றாவது கியரில் திணறிய இடத்தில் நான்காவதில் போயிற்று. அண்ணன் மட்டும் சந்தோஷப்படவில்லை. "நாலுல போவுதுன்னு நாலுலயே ஓட்டாத தம்பி. ஆர்பிஎம் கீழ கெடக்கறப்ப மிதிச்சா பேரிங்தான் அடி வாங்கும்" என்றார். அவர் சொன்னது சரி. ஆர்பிஎம் குறைவாக இருக்கும்போது கிராங்க் பேரிங்கில் ஆயில் படலம் மெலிந்திருக்கும். அந்த நேரத்தில் முழு அழுத்தமும் விழுந்தால் உலோகம் உலோகத்தைத் தொடக்கூடும்.

சூடு? சமசாலையில் 600. பாலத்தில் 700. எதிர்காற்றில் உப்பு லோடோடு 700லேயே நின்றது, இறங்கவில்லை. டர்போவுக்கு முன்னால் 700ஐ ஒட்டியே நெடுநேரம் ஓட்டக் கூடாது என்பது டீசல்காரர்கள் பொதுவாக வைத்திருக்கும் எல்லை. அலுமினியம் 660 டிகிரியில் உருகும். பிஸ்டன் அலுமினியக் கலவை. அது உருகாமல் நிற்பதற்குக் காரணம், வாங்குகிற சூட்டை ரிங் வழியாகச் சிலிண்டரின் உள்சுவரான லைனருக்கும், அங்கிருந்து கூலண்டுக்கும், அடியில் ஆயிலுக்கும் தள்ளிக்கொண்டே இருப்பதுதான். அந்த வழி அடைபட்டால் பிஸ்டனுக்கு ஆபத்து.

நம் ஊரில் அந்த வழியை அடைப்பது வைக்கோல் தூசு. அறுவடை மெஷின் ஓடுகிற வயலோரம் நாலு நடை போய்வந்தால் போதும், ரேடியேட்டர் முகத்தில் பதர் கம்பளி மாதிரி ஒட்டிக்கொள்கிறது. ஏசி கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் புகுந்தது வெளியே தெரிவதே இல்லை. ஏர் ஃபில்டரும் இதே கதி. காற்று குறைந்தால் டீசல் முழுசாக எரியாது, கரும்புகை, சூடு இன்னும் ஏறும், கரி ஆயிலில் இறங்கும். இரண்டையும் கழற்றி உள்ளிருந்து வெளியே காற்றடித்துச் சுத்தம் செய்ததும், அதே லோடு, அதே பாலம், மீட்டர் 40 டிகிரி குறைவாகக் காட்டியது. கம்பெனி செட்டிங்கில் இந்த அடைப்பை என்ஜின் பொறுத்துக்கொள்ளும். கூட்டிய பவரில் பொறுக்காது. பிக்கப் பவர் பற்றிப் பேசுகிறவர்கள் ரேடியேட்டரைப் பற்றிப் பேசாமல் விடுவது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

சூட்டைக் குறைக்க இன்ஜெக்‌ஷன் டைமிங்கை முன்னே தள்ளலாம், அதாவது டீசலைக் கொஞ்சம் முன்கூட்டியே தெளிக்கலாம் என்று டியூன் செய்தவர் சொன்னார். வேண்டாம் என்றேன். முன்னே தள்ளினால் எக்ஸாஸ்ட் சூடு இறங்கும், புகையும் குறையும், ஆனால் சிலிண்டருக்குள் உச்ச அழுத்தம் ஏறும். அதைக் காட்டுகிற மீட்டர் நம்மிடம் இல்லை. சூடு ஏறினால் கண்ணுக்குத் தெரிகிறது. அழுத்தம் ஹெட் கேஸ்கெட் போன பிறகுதான் தெரியும்.

அதனால் இரண்டாவது மேப்பை வேறு மாதிரி கேட்டேன். 2000 ஆர்பிஎம்முக்குக் கீழே கம்பெனி அளவு அப்படியே இருக்கட்டும். அதற்கு மேலே மட்டும் பத்து சதவீதம். ஓட்டும்போது முதல் மேப்பின் சுகம் இல்லை. கியரை மாற்றித்தான் ஆக வேண்டும். ஆனால் அதே உப்பு லோடு, அதே காற்று, 630 தாண்டவில்லை. இதோடு நிறுத்திக்கொள்வதாக இருக்கிறேன். லோடு வண்டிக்கு டெல்டாவில் இதற்கு மேல் தேவையும் இல்லை.

கூடவே செய்கிறவை: 15டபிள்யூ40 ஆயிலை கம்பெனி சொன்ன கிலோமீட்டருக்கு முன்பே மாற்றுகிறேன். லோடோடு வந்து கொள்முதல் நிலையத்து வரிசையில் நின்றதும் சாவியைத் திருப்பாமல் இரண்டு நிமிஷம் ஐடிலில் விடுகிறேன். உடனே அணைத்தால் டர்போ பேரிங்கில் தேங்கிய ஆயில் சூட்டில் கரியாகிவிடும்.

கூலண்ட் இதுவரை குறையவில்லை. ஆயில் மூடியைத் திறந்தால் புகை தள்ளவில்லை. தாளடி அறுவடை முடிந்ததும் இன்ஜெக்டரைக் கழற்றி, போர்ஸ்கோப் (துளை வழியே நுழைகிற சின்னக் கேமரா) விட்டு பிஸ்டன் தலையையும் லைனர் கோடுகளையும் படம் எடுக்கப் போகிறோம். ரீமேப்புக்கு முன் எடுத்த படங்கள் பத்திரமாக இருக்கின்றன. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு அடுத்ததை எழுதுகிறேன்.